சித்திரகுப்தன் கணக்கும் புகைபோக்கிக் கணக்கும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பேச்சின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு வினோதமாகத் தோன்றலாம். கோவிலைப் பற்றியோ, குருக்களைப் பற்றியோ, கலியாணச் சடங்கைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாமோ பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவில் இருக்கிற ஹவாய் என்னும் தீவுகளில் மின்சாரம் எப்படி உண்டாகிறது, அதனால் எவ்வளவு கரியமிலவாயு ஆகாயத்துக்குப் போகிறது, அதற்கு யார் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்பதைப் பற்றிச் சொல்லப்போகிறோம். "ஹவாய் எங்கே, நாம் எங்கே? அந்த ஊர்ப் புகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. கேள்வி கேட்கிறவர்களிடத்தில் பேசத்தான் நமக்கும் இஷ்டம். சம்பந்தம் இன்னதென்று பேச்சு முடிவதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுவோம். யமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒருவன் உட்கார்ந்துகொண்டு, மனிதன் ஒவ்வொருவனும் செய்கிற பாவ புண்ணியங்களை ஒன்றுவிடாமல் எழுதிவருகிறான் என்கிறார்கள். அந்தப் பேரேட்டை யாராவது பார்த்ததுண்டா? அதில் ஒரு வரியையாவது யாராவது கூட்டிக் கழித்துச் சரிபார்த்ததுண்டா? கிடையாது. ஆனால் அந்தக் கணக்கின் பேரால் திதி என்றும், தானம் என்றும், தட்சணை என்றும் வசூல் மாத்திரம் வருஷா வருஷம் தவறாமல் நடந்துவருகிறது. கணக்கு ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, கட்டவேண்டிய தொகை மாத்திரம் எல்லோருக்கும் தெரியும். மறைத்து வைத்திருக்கிற கணக்கு எதுவானாலும், அது மேலுலகத்துக் கணக்கானாலும் சரி, கம்பெனிக் கணக்கானாலும் சரி, அதன் யோக்கியதை இதுதான்.

நாம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. இளவயதில் ஒரு மண்டியில் சிட்டை எழுதி வயிறு வளர்த்தோம். அங்கே நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. அதாவது, முதல் இருப்போடு வரவைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் மீதி வருவது செலவு. இதை யாராலும் ஏமாற்ற முடியாது. ஒரு நாள் முதலாளி எழுதச் சொன்ன செலவுக்கும், கிடங்கில் இருந்த எண்ணெய் டின்களுக்கும் ஒத்துவராததைக் கண்டு, ஏன் என்று கேட்டோம். "உனக்குச் சம்பளம் கணக்கு எழுதுவதற்குத்தான், கணக்குக் கேட்பதற்கல்ல" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் வேலையும் போயிற்று. வேலை போனாலும் பாடம் போகவில்லை. அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் இன்று ஹவாய்க்குப் போகிறோம்.

எண்ணெயில் எரியும் விளக்கு

ஹவாய் 1959-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 50-வது மாநிலமாகச் சேர்ந்தது. ஜனத்தொகை சுமார் 14 லட்சம். தலைநகரமாகிய ஹொனலுலுவில் இருக்கும் இயோலானி அரண்மனையில், அந்நாட்டு அரசன் கலாகாவா காலத்தில், அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு மின்சார விளக்கு வந்த 1891-க்கு முன்னமேயே மின்சார விளக்கு எரிந்தது. ஆகவே மின்சார விஷயத்தில் அவர்கள் பின்தங்கியவர்களல்ல.

ஆனால் அந்தத் தீவுகளில் நிலக்கரிச் சுரங்கமும் இல்லை, எண்ணெய்க் கிணறும் இல்லை. ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு மின்சாரக் கம்பியும் இல்லை. ஒவ்வொரு தீவும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எதை எரித்து? கப்பலில் கச்சா எண்ணெய் வருகிறது. அதைச் சுத்திகரித்தால் மேலே வருவது பெட்ரோல், விமான எண்ணெய், டீசல் முதலியவை. அடியில் மிஞ்சுவது பர்னஸ் ஆயில் என்று சொல்லுகிற கனத்த எண்ணெய். அதைக் கொதிகலத்துக்கு அடியில் எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, ஆவியால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். ஒவாஹு தீவிலுள்ள காஹே என்ற மின்நிலையம் 1963 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது.

அமெரிக்காவின் பெருநிலப் பகுதியிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணெய் எரித்தார்கள். 1978-இல் அந்தத் தேசத்து மின்சாரத்தில் ஏறக்குறைய 6-இல் 1 பங்கு எண்ணெயிலிருந்து வந்தது. 1973-லும் 1979-லும் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபிறகு, அவர்கள் நிலக்கரிக்கும், அணுசக்திக்கும், இயற்கை வாயுவுக்கும் போய்விட்டார்கள். இன்று அந்தத் தேசம் முழுவதற்கும் எண்ணெய்ப் பங்கு 100-க்கு 1 கூட இல்லை. ஹவாய் மாத்திரம் எண்ணெயைவிட்டு நகரவில்லை. சூரியனும் காற்றும் வந்த பிறகுங்கூட, இன்றும் அங்கே பாதிக்கு வெகு மேலாக எண்ணெய் மின்சாரந்தான்.

இதன் பலனை அனுபவிப்பது யார்? 2023-லும் 2024-லும் அங்கே ஒரு குடும்பம் ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த விலை 40 செண்டுக்கு மேல். மற்ற அமெரிக்கர்கள் கொடுப்பதைப்போல் இரண்டரை மடங்குக்கு அதிகம். எண்ணெய் விலை ஏறினால் அந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் ஜனங்களுடைய பில்லிலேயே சேர்த்துவிடலாம் என்பது அங்கேயுள்ள ஏற்பாடு. எண்ணெய் வாங்கும் கம்பெனிக்கு விலையைப் பற்றிக் கவலை குறைவு, விளக்கேற்றும் ஏழைக்குத்தான் கவலை அதிகம்.

150 கிலோ எப்படி 470 கிலோ ஆயிற்று?

இனிக் கணக்குக்கு வருவோம். புகைபோக்கியிலிருந்து போகிற கரியமிலவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதை எப்படி எடை போடுவது? இதைக் கேட்டவுடனே, "பார்த்தீர்களா! கண்ணுக்குத் தெரியாததை நீங்களும்தானே நம்புகிறீர்கள்! கடவுளை நம்புவதில் மட்டும் என்ன தப்பு?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லுவோம்.

ஒரு பீப்பாய் பர்னஸ் ஆயில் சுமார் 159 லிட்டர். எடை சுமார் 150 கிலோ. அதில் ஏறக்குறைய 129 கிலோ கரி. எரியும்போது அந்தக் கரி காற்றிலிருக்கும் பிராணவாயுவோடு சேருகிறது. 12 பங்கு எடையுள்ள கரி 32 பங்கு எடையுள்ள பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு 44 பங்கு எடையுள்ள கரியமிலவாயுவாகிறது. ஆகவே 129-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 473 கிலோ. எரித்த எண்ணெய் 150 கிலோ, வெளிவந்த வாயு 470 கிலோவுக்கு மேல். இது மாயமல்ல, மந்திரமுமல்ல. மீதி எடை காற்றிலிருந்து வந்தது. எரிகிற பொருள் அழிந்துபோவதில்லை, காற்றோடு சேர்ந்து உருமாறுகிறது என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு தேசத்து லவோய்சியே தராசில் நிறுத்துக் காட்டிவிட்டார். அந்த வாயு வெப்பத்தைத் தடுத்து வைத்துக்கொள்ளும் என்பதையும் 1859-இல் ஜான் டிண்டால் சோதனைச்சாலையில் காட்டிவிட்டார். இவர்கள் சொன்னார்கள் என்பதற்காக நாம் ஒப்புக்கொள்ளவில்லை. தராசுள்ள எவரும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்பதற்காக ஒப்புக்கொள்ளுகிறோம். சித்திரகுப்தன் பேரேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த வழியில்தான் ஹவாயின் மின்சாரப் புகைக்குக் கணக்கு வைக்கிறார்கள். எவ்வளவு எண்ணெய் வந்தது, எவ்வளவு எரிந்தது, எவ்வளவு இருப்பு, எத்தனை யூனிட் மின்சாரம் ஆயிற்று என்று மின்நிலையங்கள் அமெரிக்க சர்க்காரின் எரிசக்தித் தகவல் நிர்வாகத்துக்குப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். நம் மண்டிக் கணக்கேதான்! அதிலிருந்து மாநிலம் மாநிலமாக, எண்ணெய்க்கு ஒரு வரி, நிலக்கரிக்கு ஒரு வரி, வாயுவுக்கு ஒரு வரி என்று 1970 முதல் கணக்குப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1990-ஆம் வருஷச் சட்டப்படி பெருநிலத்திலுள்ள 48 மாநிலங்களில் பெரிய மின்நிலையங்களின் புகைபோக்கியிலேயே அளவுக்கருவி வைக்க ஏற்பாடாயிற்று. கந்தகப் புகையால் வரும் அமிலமழையைத் தடுக்கவந்த அந்த ஏற்பாட்டில் ஹவாய் சேரவில்லை. ஆகவே அங்கே எண்ணெய்க் கணக்கே முக்கியமான சாட்சி. எண்ணெய் எரித்து ஆகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் முக்கால் கிலோ, சில இடங்களில் அதற்கும் மேல் கரியமிலவாயு என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது.

நூற்றுக்கு நூறு என்னும் வேடிக்கை

நிற்க, இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று பார்ப்போம். 2015-இல் ஹவாய் சட்டசபை, 2045-க்குள் விற்கிற மின்சாரம் நூற்றுக்கு நூறு சூரியன், காற்று முதலிய தீராத சக்திகளிலிருந்தே வரவேண்டும் என்று சட்டம் செய்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படிச் சட்டம் செய்தது அதுவே முதல். கேட்பதற்கு மிகவும் நன்றாயிருக்கிறது. ஆனால் "நூற்றுக்கு நூறு" என்றால் எதில் நூறு?

அங்கே இருந்தது ஒரு வேடிக்கை. வீட்டுக்கூரையில் ஜனங்கள் வைத்துக்கொண்ட சூரியத் தகட்டின் மின்சாரத்தை மேலே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதை வகுக்கும்போது, கம்பெனி விற்ற மின்சாரத்தால் மாத்திரம் வகுத்தார்கள். ஒரு உதாரணம் சொல்லுவோம். ஓர் ஊரில் 100 யூனிட் மின்சாரம் ஆகிறது. 50 யூனிட் கூரையில் உண்டாகி, அந்த வீட்டாரே செலவழித்துக்கொள்ளுகிறார்கள். மற்ற 50 யூனிட்டைக் கம்பெனி எண்ணெய் எரித்து விற்கிறது. இப்போது 50-ஐ 50-ஆல் வகுத்தால் நூற்றுக்கு நூறு! சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் புகைபோக்கியில் பாதி ஊரின் புகை போய்க்கொண்டே இருக்கிறது! கங்கையில் முழுகி எழுந்தவன், "என் பாவம் முழுவதும் தீர்ந்தது" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன பேதம்?

இதைக் கண்டு கேட்டவர்கள் இருந்ததால், 2022-இல் சட்டத்தைத் திருத்தி, விற்ற மின்சாரத்தால் அல்ல, உண்டான மின்சாரம் முழுவதாலும் வகுக்கவேண்டும் என்று செய்தார்கள். ஆகவே தோழர்களே! யாராவது சதவிகிதம் சொன்னால் எதில் சதவிகிதம் என்று கேளுங்கள். விகிதம் ஏமாற்றலாம். எரிந்த எண்ணெயின் எடை ஏமாற்றாது.

ஆனால் எடைக்கணக்கிலும் ஒரே வரியைப் பார்த்தால் மோசம் போவோம். 2022 செப்டம்பரில் ஒவாஹுவிலிருந்த கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடினார்கள். அதற்குப் பதிலாக வரவேண்டிய சூரிய நிலையங்களில் பல சொன்ன காலத்தில் வரவில்லை. அந்த இடத்தில் எண்ணெயும் எரிந்தது. எண்ணெய் வரியை மாத்திரம் காட்டி, "பார், சூரியனை நம்பினார்கள், புகை ஏறிவிட்டது" என்று ஒருவன் சொல்லலாம். நிலக்கரி வரியை மாத்திரம் காட்டி, "புகையே ஒழிந்துவிட்டது" என்று மற்றொருவன் சொல்லலாம். இருவரும் பாதி உண்மை சொல்லுகிறவர்கள். எல்லா வரியையும் கூட்டிப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். அப்படியே 2020-இல் கொரோனாவினால் உல்லாசப் பிரயாணிகள் வராமல் ஓட்டல்கள் மூடிக் கிடந்தபோது மின்சாரச் செலவு குறைந்தது. அதைக் காட்டி "நாங்கள் திருந்திவிட்டோம்" என்று யாரும் மார்தட்ட முடியாது. பட்டினி கிடந்தவன் விரதம் இருந்ததாகச் சொல்லுவது போலத்தான் அது.

2018-இல் பெரிய தீவில் கீலவேயா எரிமலை வெடித்துப் பூமிச்சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையத்தை லாவாக் குழம்பு சூழ்ந்துகொண்டது. நிலையம் மூடி, 2020 நவம்பரில்தான் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இடையில் எண்ணெய்ச் செலவு ஏறிற்று. எரிமலையில் பெலே என்னும் தேவதை வாசம் செய்கிறாள், அவள் கோபந்தான் அது என்று சொல்லுவோர் அங்கே உண்டு. அம்மை கண்டால் மாரியாத்தாள் கோபம் என்று சொல்லுகிற நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இரண்டு இடத்திலும் காரியம் நடந்தது காரணத்தைத் தேடினவர்களால்தான். எத்தனை நாள் நிலையம் நின்றது, அதற்காக எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று எழுதி வைத்தால், அடுத்த தடவைக்கு என்ன செய்வதென்று யோசிக்கலாம். தேவதையின் கோபம் என்று விட்டுவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை.

கணக்கு தெரிந்தவர்கள் கையில் காரியம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. காவாய் என்னும் சிறு தீவின் மின்சாரக் கம்பெனியை 2002-இல் அங்குள்ள ஜனங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து வாங்கிக்கொண்டார்கள். பில் கட்டுகிறவரே பங்குதாரர். 2010-ஐ ஒட்டி அங்கே 100-க்கு 90 அளவுக்கு எண்ணெய் மின்சாரமாக இருந்தது. 2021-க்குள் பாதிக்கு மேல் எண்ணெய் இல்லாத மின்சாரமாயிற்று. எண்ணெய்க்குப் பணம் கொடுக்கிறவனே முதலாளியும் ஆகும்போது, எண்ணெயைக் குறைக்கும் புத்தி தானாக வருகிறது.

ஆகாயத்திலும் ஒரு பேரேடு

இன்னொரு ஆச்சரியமான சங்கதி. எண்ணெய் எரிக்கும் அதே ஹவாயில்தான் உலகத்துக் காற்றின் கரியமிலவாயுக் கணக்கும் இருக்கிறது. மவுனா லோவா என்ற மலையின்மேல், 1958 மார்ச் மாதத்தில் சார்லஸ் டேவிட் கீலிங் என்பவர் காற்றை அளக்க ஆரம்பித்தார். அப்போது 10 லட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு சுமார் 313 பங்கு. 2025 மே மாதத்தில் அது 430-ஐத் தாண்டிற்று. 2022 நவம்பரில் அந்த மலையே வெடித்துப் பாதையும் மின்சாரமும் அறுந்தபோது, சில நாட்களுக்குள் பக்கத்திலுள்ள மவுனா கேயா மலைக்குக் கருவியைக் கொண்டுபோய் அளவைத் தொடர்ந்தார்கள். கணக்கில் இடைவெளி விழக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை!

ஹவாய் எரிப்பது உலகப் புகையில் வெகு சொற்பம். அதை மறைப்பது யோக்கியமல்ல. ஆனால் கரியமிலவாயுவுக்கு ஜாதியும் கிடையாது, தேச எல்லையும் கிடையாது. எங்கே எரித்தாலும் ஓரிரு வருஷத்தில் உலகமெங்கும் கலந்துவிடுகிறது. அந்த மலையில் அளக்கிற காற்றுதான் நம் வயலின்மேலும் நிற்கிறது. நமக்கு முதல் சம்பந்தம் இது.

இரண்டாவது சம்பந்தம் இதைவிடப் பெரிது. வருஷத்துக்கு 25,000 டன்னுக்கு மேல் புகை விடும் தொழிற்சாலைகள் அதைச் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2009-இல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. எந்த ஆலை எவ்வளவு விட்டது என்று ஜனங்கள் பார்க்கும்படியாயிற்று. 2025 செப்டம்பரில் அந்த சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவே, பெரும்பாலான ஆலைகள் இனி இந்தக் கணக்குக் கொடுக்கவேண்டியதில்லை என்று ஒரு யோசனையை வெளியிட்டது. ஆலைகளுக்குச் செலவு மிச்சமாகுமாம்! மவுனா லோவா நிலையத்துக்கு ஆகும் பணத்தையும் நிறுத்தலாம் என்று அதே வருஷத்து வரவுசெலவு யோசனையில் சொன்னார்கள். நம் மண்டி முதலாளி சொன்னதும் இதுவேதான். கணக்கு மூடினால் கடன் தீருமா? தராசை ஒளித்தால் சரக்கின் எடை குறையுமா? புகை போய்க்கொண்டுதான் இருக்கும். கேட்பதற்கு ஆதாரம் மாத்திரம் இல்லாமற்போகும். ஆதாரம் போன இடத்தில் நம்பிக்கை வந்து உட்காரும். நம்பிக்கை உட்கார்ந்த இடத்தில் தட்சணை கேட்பவன் வந்து நிற்பான்.

ஆகவே தோழர்களே! உலகம் நாளைக்கே அழிந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்த நாம் வரவில்லை. பயமுறுத்துவது புரோகிதன் தொழில். ஒன்றும் இல்லை, தூங்குங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அது கம்பெனிக்காரன் தொழில். நாம் சொல்லுவது, கணக்கைக் கேளுங்கள் என்பதே. மின்சாரக் கணக்கானாலும், பஞ்சாயத்துக் கணக்கானாலும், கோவில் கணக்கானாலும் யார் அளந்தது, எதனால் வகுத்தது, எந்த வரியை விட்டுவிட்டது என்று கேளுங்கள். நம் சங்கத்துக் கணக்கையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளுகிறவன் எவனோ, அவனிடத்தில் இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 129-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இன்றிரவு வீட்டுக்குப் போய் அவர்களைப் போடச்சொல்லிச் சரிபாருங்கள்.